போதையில் வெட்டினால் வழக்கு நிற்காதா?

கேள்வி: நாங்கள் திருவட்டாறு பக்கம். புது வீட்டுக்குப் பால்காய்ப்பு நடந்த அன்று என் தம்பி காலையிலிருந்தே குடித்திருந்தான். அவன் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவன். அப்பா விட்டுப்போன ஐந்து சென்ட் நிலத்தைச் சொல்லி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் கணவரிடம் தகராறு செய்தான். "உன்னை வெட்டாமல் விடமாட்டேன்" என்று கத்திவிட்டுப் போனான். போதையில் பேசுகிறான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். கால் மணி நேரத்தில் வெட்டுகத்தியோடு திரும்பி வந்து கழுத்துக்கு ஓங்கினான். கணவர் கையை உயர்த்தியதால் வெட்டு முழங்கைக்குக் கீழே விழுந்தது. எலும்பு முறிந்து நரம்பும் அறுந்துவிட்டது. அவர் மறு கையால் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து அடித்ததில் தம்பிக்கு முன்பல் ஒன்று போயிற்று. தம்பி கத்தியைக் கிணற்றில் போட்டுவிட்டு ஓடி, தோட்டத்து ஷெட்டில் படுத்துக்கொண்டான். மறுநாள் போலீஸ் பிடித்தபோது "எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை" என்று அழுதான். அவன் காட்டிய கிணற்றிலிருந்துதான் கத்தியை எடுத்தார்கள். எஃப்.ஐ.ஆரில் 109, 118(2) என்று போட்டிருக்கிறார்கள். "அவனுக்குச் சுயநினைவே இல்லை என்று நீ சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள்" என்கிறாள் அம்மை. குளிர்பானத்தில் யாரோ கலந்து கொடுத்துவிட்டதாகச் சொல்லலாம் என்கிறார் உறவினர் ஒருவர். தம்பியின் ஆஸ்பத்திரிச் சீட்டில் "மது வாடை உள்ளது" என்று எழுதியிருப்பது உதவுமா? என் கணவர் மீது எதிர் வழக்கு வருமா? சமாதானமாக முடிக்க வழி உண்டா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். வெட்டுப்பட்டவர் கணவர், வெட்டியவன் கூடப்பிறந்தவன், பார்த்த சாட்சி நீங்கள். தம்பிக்கு என்று ஒரு வழக்கறிஞர் தனியாக இருக்க வேண்டும், இருப்பார் என்றும் நினைக்கிறேன். அவர் வேலையை நான் இங்கிருந்து செய்ய முடியாது. உங்களுக்குத் தெரிய வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அம்மை சொல்வது. அதை நான் மட்டும் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். குடித்திருந்தால் வழக்கு நிற்காது என்ற நம்பிக்கை நம் மாவட்டத்தில் கடற்கரையிலும் உண்டு, மலையோரத்திலும் உண்டு. "குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு" என்ற பழமொழியைச் சட்டம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பழமொழி பேச்சைப் பற்றியது, வெட்டுகத்தியைப் பற்றியது அல்ல. உங்கள் வழக்கில் பேச்சும்கூட விடிந்தால் போகாது. "வெட்டாமல் விடமாட்டேன்" என்று பந்தலில் இருந்த அத்தனை பேர் காதுபடச் சொல்லிவிட்டுப் போனதுதான் அரசுத் தரப்பு முதலில் எடுத்து வைக்கப்போகிற சாட்சியம்.

போதையைப் பற்றிச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 85, 86 என்று இருந்தவை, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 23, 24 ஆகியிருக்கின்றன. எண் மாறியதே தவிர உள்ளே இருக்கும் சரக்கு 1860-இல் எழுதியதுதான். 23-வது பிரிவு, ஒருவனுக்குத் தெரியாமலோ அவன் விருப்பத்துக்கு மாறாகவோ போதைப்பொருளைக் கொடுத்துவிட்டதைப் பற்றியது. அந்தப் போதையில் தான் என்ன செய்கிறோம், அது தப்பா சரியா என்று அறியவே முடியாத நிலையில் அவன் இருந்திருந்தால், அது குற்றமே ஆகாது. தானாகக் குடித்தவனுக்கு அந்தக் கதவு திறக்காது. அவனுக்கு 24-வது பிரிவுதான்.

அந்த 24-வது பிரிவை நிதானமாகப் படிக்க வேண்டும். குறிப்பிட்ட அறிவோ நோக்கமோ இருந்தால்தான் குற்றம் என்று சொல்லப்பட்ட செயலை ஒருவன் போதையில் செய்தால், போதை இல்லாமல் இருந்திருந்தால் அவனுக்கு என்ன அறிவு இருந்திருக்குமோ அந்த அறிவு இருந்ததாகவே வைத்து அவனை நடத்த வேண்டும் என்கிறது அது. தொடக்கத்தில் 'அறிவு', 'நோக்கம்' என்று இரண்டையும் சொல்லிவிட்டு, இருந்ததாக வைத்துக்கொள்ளச் சொல்லும் இடத்தில் அறிவை மட்டும் சொல்கிறது. 'நோக்கம்' அங்கே இல்லை. அந்த ஒரு சொல் இல்லாத இடத்தை வைத்துத்தான் 160 வருடத்துக்கு மேலாக வழக்கறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் தம்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்தின் உள்தோலில் காயம் படாமல் பட்டையை நூல் கனத்துக்குச் சீவி எடுக்கிறவன். கத்தி எந்த அழுத்தத்துக்கு எவ்வளவு இறங்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். குடிக்காத அந்தத் தம்பிக்கு, வெட்டுகத்தியைக் கழுத்துக்கு ஓங்கினால் ஆள் செத்துப்போவான் என்று தெரியுமா, தெரியாதா? தெரியும் என்றால், குடித்திருந்த தம்பிக்கும் அது தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். "போதையில் தெரியவில்லை" என்று அவன் சொல்ல முடியாது. எத்தனை குவார்ட்டர் உள்ளே போயிருந்தாலும் கணக்கு மாறாது.

நோக்கம் அப்படி அல்ல. கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் ஓங்கினானா, மிரட்டவா, வெறியில் கை போன போக்கா என்பதை நீதிமன்றம் சூழ்நிலையை வைத்து முடிவு செய்யும். அப்படி முடிவு செய்யும்போது போதையின் அளவையும் கணக்கில் எடுக்கும். போதை என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இருக்கும் இடம் அவ்வளவுதான்.

இதைத் தெளிவாக வகுத்த தீர்ப்பு 1956-இல் வந்தது, நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே வருடம். பாஸ்தேவ் வழக்கு என்பார்கள். எழுதியவர் உச்ச நீதிமன்ற நீதிபதி சந்திரசேகர ஐயர். நடந்தது பஞ்சாப் பக்கத்தில் ஒரு கல்யாண வீட்டில், அதுவும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு ஜமேதார் நன்றாகக் குடித்திருந்தார். வசதியான இடத்தில் உட்காருவதற்காகப் பதினைந்து, பதினாறு வயதுப் பையன் ஒருவனைக் கொஞ்சம் நகரச் சொன்னார். பையன் நகரவில்லை. துப்பாக்கியை உருவி வயிற்றில் சுட்டுவிட்டார், பையன் இறந்துபோனான். அளவுக்கு மீறிக் குடித்திருந்தார் என்றும், கிட்டத்தட்ட நினைவு தப்பிய நிலை என்றும்கூடச் சாட்சிகள் சொன்னார்கள். அப்படியும் அது கொலைதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏன் தெரியுமா? தள்ளாடினாலும் தன் காலில் நடந்து வந்தார், பேச்சு கோர்வையாக இருந்தது, எந்த இடத்தில் உட்காருவது என்று தேர்ந்தெடுத்தார், சுட்ட பிறகு தப்பிக்கப் பார்த்தார், பிடித்ததும் நடந்ததை உணர்ந்து மன்னிப்புக் கேட்டார். இத்தனையும் செய்ய முடிந்தவருக்கு எண்ணம் மட்டும் இல்லாமல் போய்விட்டது என்று சொல்ல முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வாருங்கள். நிலத்தகராறு என்று காரணம் இருக்கிறது. ஆள் யார் என்று தெரிந்து, அவரிடம்தான் போனான். வெட்டுவேன் என்று சொன்னான். கையில் கிடைத்ததை எடுத்து வீசவில்லை, போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு, பந்தலில் இருந்த கூட்டத்தைத் தாண்டி அதே ஆளிடம் வந்தான். வெட்டிய பிறகு ஆயுதத்தை ஒளித்தான், தானும் ஒளிந்தான். பாஸ்தேவ் வழக்கில் இருந்ததைவிட இங்கே அதிகம் இருக்கிறது. உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. "சுயநினைவு இல்லை" என்ற ஒரு வரியை நம்பி மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

"ஞாபகம் இல்லை" என்று அவன் அழுததைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரேயடியாகக் குடித்தால் மூளையில் நினைவு பதிவாவது நின்றுபோகும். அந்த நேரத்திலும் ஆள் நடப்பான், பேசுவான், பைக்கே ஓட்டுவான். மறுநாள் அந்த நேரம் வெற்றிடமாக இருக்கும். அதனால், மறுநாள் ஞாபகம் இல்லை என்பது முந்தின நாள் எண்ணம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. தவிர, உங்கள் தம்பிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒன்றுமே ஞாபகம் இல்லாதவன் எந்தக் கிணறு என்று காட்டியது எப்படி? இதை அரசுத் தரப்பு கேட்காமல் விடாது.

ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகலில் 'மது வாடை' என்று இருப்பது அவன் குடித்திருந்தான் என்பதை மட்டும் காட்டும். எவ்வளவு என்று காட்டாது. ரத்தத்தில் இருக்கும் மது மணிக்குச் சராசரியாக 100 மில்லிக்கு 15 மில்லிகிராம் வீதம் குறைந்துகொண்டே வரும். மறுநாள் காலையில் ரத்தம் எடுத்திருந்தாலும் அதிலிருந்து முந்தின நாள் மத்தியானத்தை அளப்பது எளிதல்ல. இந்த விதிவிலக்குகளை நிரூபிக்கும் பொறுப்பு, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமின் 108-வது பிரிவுப்படி, குற்றம் சாட்டப்பட்டவன் தலையில்தான் விழும். வாடை போதாது.

இன்னும் ஒன்று. 118(2) என்பது ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் ஏற்படுத்துவது. எலும்பு முறிந்தாலே கொடுங்காயம். அந்தக் குற்றத்துக்கு நோக்கம்கூடத் தேவையில்லை, இப்படி வெட்டினால் இப்படிக் காயம் படும் என்று தெரிந்திருந்தால் போதும். அந்த அறிவைத்தான் 24-வது பிரிவு எடுத்துக் கொடுத்துவிடுகிறதே. ஆகவே 118(2)-க்கு எதிராகப் போதை என்ற வாதம் காலணாவுக்கு உதவாது. தண்டனை குறைந்தது ஒரு வருடம், கூடினால் பத்து வருடம் அல்லது ஆயுள். 109, அதாவது கொலை முயற்சியில், கொல்லும் எண்ணம் இருந்ததா என்ற விவாதத்தில் மட்டும் போதையைப் பற்றிப் பேச இடம் கிடைக்கலாம். அதைப் பேசுவதா வேண்டாமா என்பதைத் தம்பியின் வழக்கறிஞர் மிகவும் யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஏனென்றால் "போதையில் செய்துவிட்டேன்" என்ற வாக்கியத்தில் "செய்துவிட்டேன்" இருக்கிறது.

பதினைந்து வருடத்துக்கு முன் எனக்கே அது நடந்தது. கண்ணால் பார்த்த சாட்சிகள் எல்லோரும் பிறழ்சாட்சியாகிவிட்ட வழக்கு. மிச்சம் இருந்தது வெட்டுப்பட்டவரின் சாட்சியம் ஒன்றுதான், அதிலும் ஓட்டைகள். கடைசியில் நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரை நேரே கேட்கும் கட்டம் வந்தது. எல்லாக் கேள்விக்கும் "பொய்" என்று சொல்லச் சொல்லியிருந்தேன். கட்சிக்காரர் கூண்டைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, குடித்திருந்தேன், தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்" என்று கும்பிட்டுவிட்டார். யாரோ டீக்கடையில் சொல்லிக்கொடுத்தது. ஓட்டைகளையெல்லாம் அவரே அடைத்துக் கொடுத்துவிட்டார், சிறைக்குப் போனார்.

குளிர்பானத்தில் கலந்து கொடுத்த கதையை உறவினரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 23-வது பிரிவுக்குள் போக வேண்டுமானால் யார், எப்போது, எதில் கலந்தார் என்று காட்ட வேண்டும். காலையிலிருந்தே குடித்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஊரும் பார்த்திருக்கிறது. நண்பர்கள் வற்புறுத்தி ஊற்றிக் கொடுத்தார்கள் என்பதும் 'விருப்பத்துக்கு மாறாக' என்பதில் வராது. கிளாஸை வாங்கியது அவன் கை. நாளும் குடிக்கிறவன் என்பதால் மனநோயாளி என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். நீண்ட நாள் குடியால் புத்தி பேதலித்த நிலை, குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கைகால் நடுங்கி இல்லாதவர்களைக் காண்பது போன்ற நிலை வேறு. அதற்கு 22-வது பிரிவு இருக்கிறது, மருத்துவச் சான்று வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

உங்கள் கணவரின் நாற்காலி விஷயம். பல் விழுந்தால் அதுவும் கொடுங்காயப் பட்டியலில் வரும், அதனால் தம்பி தரப்பில் எதிர்ப் புகார் கொடுக்க வழி இருக்கிறது, கொடுப்பார்கள். கவலைப்பட வேண்டாம். தற்காப்பு உரிமை நிதானமாக இருப்பவனிடமிருந்து காப்பாற்றிக்கொள்ள மட்டும் உள்ளது அல்ல. தாக்குகிறவன் குழந்தையாக இருந்தாலும், மனநோயாளியாக இருந்தாலும், போதையில் இருந்தாலும், தாக்கப்படுகிறவருக்கு அதே உரிமை முழுதாக உண்டு என்று 36-வது பிரிவு சொல்கிறது. போதையின் பெயரால் தம்பிக்குச் சலுகையே கிடைத்தாலும் உங்கள் கணவரின் உரிமையில் ஒரு துளி குறையாது. வெட்டுகத்திக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியை யாரும் வரம்பு மீறல் என்று சொல்ல மாட்டார்கள். கத்தி கீழே விழுந்த பிறகும் அடித்தாரா என்று மட்டும் கேட்பார்கள். அதற்கு நடந்தபடியே பதில் சொல்லச் சொல்லுங்கள்.

இனி உங்கள் சாட்சி. போலீஸ் உங்களிடம் வாங்கும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, கேட்டாலும் போடாதீர்கள். மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் என்றால் அது வேறு, அங்கே சத்தியம் செய்கிறீர்கள். நீதிமன்றத்தில் தெரிந்தே பொய்ச்சாட்சி சொன்னால் ஏழு வருடம் வரை தண்டனை. "சுயநினைவு இல்லை" என்பது உங்கள் கருத்து, கண்ணால் பார்த்தது அல்ல. நடந்தானா, தள்ளாடினானா, பேச்சு குழறியதா, உங்களை அடையாளம் கண்டானா, இவைதான் பார்த்தவை. தள்ளாடியிருந்தால் தள்ளாடினான் என்று சொல்லுங்கள். அது தம்பிக்குச் சாதகமாக இருந்தாலும் உண்மைதானே. இதற்கு மேல் ஒரு சொல்லும் அம்மைக்காகச் சேர்க்காதீர்கள், கணவருக்காகவும் சேர்க்காதீர்கள்.

சமாதானத்துக்கு வழி இருக்கிறது, ஆனால் ஊர்ப் பெரியவர்கள் எழுதும் பத்திரத்தில் இல்லை. 109-ம் 118(2)-ம் தரப்பினர் தாங்களாகவே பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்கள் அல்ல. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுப் போட்டு வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். கொலை முயற்சி வழக்காக இருந்தாலும், எந்த உறுப்பில் காயம், என்ன ஆயுதம், சமாதானம் எந்தக் கட்டத்தில் வந்தது என்று பார்த்து ரத்து செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் நரிந்தர் சிங் வழக்கில் வழிகாட்டியிருக்கிறது. ஒரே குடும்பம், காயம் கையில் என்பவை உங்களுக்குச் சாதகம். கழுத்துக்கு ஓங்கியது பாதகம். சாட்சி விசாரணை முடியும் தறுவாயில் போனால் ஏற்பது அரிது, ஆகவே இழுத்தடிக்காதீர்கள். பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவு இருந்தாலும் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. நாகர்கோவில் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100-ல் கூப்பிட்டும் கேட்கலாம். கணவரின் சிகிச்சைக்காகப் பாதிக்கப்பட்டோர் இழப்பீடு கேட்கும் மனுவும் அங்கேயே கொடுக்கலாம். அதைக் கேட்பதால் சமாதானம் கெட்டுவிடாது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. அம்மை என்ன சொல்கிறார், உறவினர் என்ன சொல்கிறார், தம்பி எப்படி அழுதான் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். கணவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. மதுரையில் போடும் மனுவில் சம்மதக் கையெழுத்து அவருடையது. அதுவும் நிர்ப்பந்தத்தில் போட்டது அல்ல என்று நீதிபதி அவரை நேரே கேட்பார். ஆகவே வழக்கறிஞரைப் பார்க்கும் முன் அவரிடம் கேளுங்கள், அம்மை பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சரி என்று சொன்னால் மறுபடி எழுதுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே அறிக்கை, எஃப்.ஐ.ஆர். மூன்றின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.